சட்டமுன்வடிவை வாசிக்கும் முறையை மாற்றும் வாக்கெடுப்பு: எப்படிப் படித்துப் பார்ப்பது, நம் ஊரில் எப்படிப் பயன்படுத்துவது

என் தந்தையார் அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். கிரயப் பத்திரம் எழுதி முடித்ததும் எழுதிக்கொடுப்பவரையும் எழுதிவாங்குபவரையும் திண்ணையில் எதிரெதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசிப்பார். நான்கெல்லை வரும் இடத்தில் நிறுத்தி மறுமுறையும் வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் விடமாட்டார். வயலின் தென்புற எல்லை வாய்க்காலா, வாய்க்காலின் வடகரையா என்ற வேறுபாடு காதில் விழும்போதுதான் பலருக்கு உறைக்கும் என்பதை அவர் பல முறை கண்டிருந்தார்.

2016ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று வாழும் என் அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தப்பா, தேர்தல்ல ஆள் பேரு மட்டுமில்ல, 17 கேள்விக்கு ஆமா இல்லன்னு வேற ஓட்டுப் போடணும். அதுல 54ன்னு ஒண்ணு, மசோதாவ எப்படி நிறைவேத்தணும்கிறதப் பத்தியாம். பத்திரம் வாசிக்கிற வீட்டுல வளந்தவங்க நீங்க, எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க" என்றாள். அன்று அவளோடு சேர்ந்து படித்த முறையையும், அதன்பின் நம் மாநிலப் பேரவையின் முன்வடிவுகளையும் ஊர்க் கிராம சபைத் தீர்மானங்களையும் படிப்பதற்கு அதே முறையை நான் கையாண்டு வருவதையும் இங்கே எழுதுகிறேன். கடல் கடந்த மாநிலங்களில் வாக்குரிமை பெற்ற உறவினர் நெல்லைச் சீமையில் பல வீடுகளுக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கும், இங்கேயே இருந்துகொண்டு நம் சட்டங்களைக் கவனிக்க விரும்புவோருக்கும் இது பயன்படும்.

மூன்று வாசிப்பு என்ற பழைய ஏற்பாடு

ஒரு முன்வடிவை மூன்று முறை வாசித்த பிறகே நிறைவேற்ற வேண்டும் என்ற வழக்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பதினாறாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் அச்சுப் படி இல்லாத காலம் அது. எழுத்தர் எழுந்து வாசிப்பதைக் கேட்டுத்தான் அவையினர் உள்ளடக்கத்தை அறிந்தனர். அமெரிக்க மாநிலங்கள் அந்த வழக்கத்தைத் தங்கள் அரசமைப்புச் சட்டங்களிலேயே எழுதிவைத்துக்கொண்டன. அரசமைப்பில் எழுதப்பட்டதை மாற்ற வேண்டுமானால், டெலவேர் நீங்கலாக மற்ற எல்லா மாநிலங்களிலும், மக்களின் வாக்கைப் பெற்றாக வேண்டும். சட்டமன்றத்துக்குள் முன்வடிவை எப்படி வாசிப்பது என்ற உள்நடைமுறைக் கேள்விகூட அங்கே வாக்குச்சீட்டில் இடம்பெறுவது இதனால்தான்.

வாசிக்க வேண்டும் என்ற சொல்லின் பொருள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் ஒவ்வோர் அவையிலும் மூன்று நாள்களில் தலைப்பை வாசித்தால் போதும். அதையும் மூன்றில் இரு பங்கு வாக்கால் தவிர்க்கலாம். டெக்சாஸில் மூன்று வெவ்வேறு நாள்களில் வாசிக்க வேண்டும் என்ற விதியை ஐந்தில் நான்கு பங்கு வாக்கு தளர்த்திவிடும். நம் தமிழ்நாட்டைப் போல ஒரே அவை மட்டும் உள்ள நெப்ராஸ்காவில் இறுதி வாக்கெடுப்புக்கு முன் முன்வடிவை முழுதுமாக வாசிக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வேண்டாமென வாக்களித்தால்தான் அதை விடலாம். கொலராடோவோ ஒவ்வோர் அவையிலும் இரு வெவ்வேறு நாள்களில் முழு வாசிப்பைக் கோருகிறது. வந்திருக்கும் உறுப்பினர் அனைவரும் இசைந்தாலன்றி அங்கே விலக்கு இல்லை.

வாக்காளர் கையேட்டை எங்கிருந்து தொடங்குவது

கலிபோர்னியாவில் வாக்காளர் வீடுகளுக்கு அரசே கையேடு அனுப்புகிறது. அந்த ஆண்டுக் கையேடு 200 பக்கங்களைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தரும் தலைப்பும் சுருக்கமும், சட்டமன்றப் பகுப்பாய்வாளரின் நடுநிலை விளக்கமும், ஆதரவு வாதமும் எதிர்ப்பு வாதமும், அவற்றுக்கான மறுப்புகளும் முன்பகுதியில் வருகின்றன. சட்டத்தின் உண்மையான வாசகம் கையேட்டின் பின்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் முன்பகுதியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பின்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் அவளுக்குச் சொன்ன முதல் வழி. வாதங்களை முதலில் படித்தால் வாதிட்டவர் காட்டிய இடம் மட்டுமே கண்ணில் படும். வாசகத்தை முதலில் படித்தவருக்கு எந்த வாதம் எந்த வரியை விட்டுவிட்டுப் பேசுகிறது என்பது தானே தெரியும்.

அந்தப் பகுதியில் நீக்கப்படும் சொற்கள் நடுவே கோடிட்டும், புதிதாகச் சேர்க்கப்படும் சொற்கள் சாய்வெழுத்திலும் அச்சிடப்படுகின்றன. ஒரு தாளை எடுத்து, இன்று இருக்கும் வாசகத்தை மட்டும் ஒருமுறையும், திருத்தத்துக்குப் பின் நிற்கப்போகும் வாசகத்தை மட்டும் ஒருமுறையும் தனித்தனியே எழுதி, இரண்டையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிழைதிருத்தப் பத்திரம் வந்தால் மூலப் பத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற வேலைதான்.

54ஆம் முன்மொழிவு மூன்று வாசிப்பு விதியைத் தொடவில்லை. முன்வடிவு எல்லாத் திருத்தங்களும் சேர்ந்த இறுதி வடிவில் அச்சிடப்பட்டு, உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டு, இணையத்தில் வெளியிடப்பட்டு, 72 மணி நேரமாவது கடந்த பிறகே வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்பதே அதன் முதன்மைக் கூறு. ஆளுநர் நெருக்கடி நிலையைக் காட்டி அறிக்கை தந்தால் மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. அவையின் வெளிப்படையான நடவடிக்கைகளைப் பதிவு செய்து 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும், குறைந்தது 20 ஆண்டுகள் அந்தப் பதிவுகள் கிடைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு முன்வடிவின் உள்ளடக்கம் முழுவதையும் நீக்கிவிட்டு, தொடர்பே இல்லாத வேறொன்றை அதே எண்ணின்கீழ் நுழைத்துக் கூட்டத்தொடரின் கடைசி இரவில் நிறைவேற்றும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. தலைப்பை மூன்று நாள் வாசித்திருந்தாலும் நிறைவேறியது வேறு சரக்காக இருந்தது.

எதிர்ப்பு வாதத்தையும் அவளோடு பொறுமையாகப் படித்தேன். கடும் பேரத்துக்குப் பிறகு இரு தரப்பும் எட்டும் உடன்பாட்டை உடைக்க, பணபலம் உள்ளவர்களுக்கு இந்த மூன்று நாள்கள் வாய்ப்பாகிவிடும் என்றார்கள். அது புறந்தள்ளத்தக்க வாதமன்று. உண்மையில் அப்படி நடக்கவும் கூடும். ஆனால் பணபலம் உள்ளவருக்கு முன்வடிவின் படி எப்படியும் முன்னதாகவே கிடைத்துவிடும். மூன்று நாள்களால் புதிதாகப் பயன்பெறுபவர் அதுவரை ஏதும் அறியாதிருந்த சாதாரணக் குடிமகனே. நான் அந்த வாக்காளராக இருந்தால் ஆம் என்பேன் என்று என் கருத்தைச் சொன்னேன். முடிவை அவளிடமே விட்டேன். 2016 நவம்பர் 8 அன்று நூற்றுக்கு 65 பேருக்குச் சற்று மேல் ஆதரித்து அது நிறைவேறியது.

கேட்க வேண்டிய கேள்விகள்

வாசிப்பு முறை தொடர்பான எந்த முன்மொழிவு வந்தாலும், ஒலியைப் பற்றிய விதியா, அவகாசத்தைப் பற்றிய விதியா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டுக்குக் கொலராடோவில் 2019 மார்ச்சில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அம்மாநில மேலவையில் 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு முன்வடிவை முழுதாக வாசிக்க வேண்டும் என்று சிறுபான்மைக் கட்சி உறுப்பினர் கோரினார். அவை அலுவலர்கள் பல கணினிகளில் வெவ்வேறு பகுதிகளை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 சொற்கள் என்ற வேகத்தில் ஓடவிட்டார்கள். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புரிந்துகொள்ள இயலாத ஒலியை வாசிப்பாகக் கொள்ள முடியாது என்று 2021இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 2021இல் ஒரிகன் மாநிலக் கீழவையில் இறுதி வாசிப்பைத் தவிர்க்கச் சிறுபான்மையினர் இசையாதபோது, கணினிக் குரலே முன்வடிவுகளை வாசித்தது.

இவ்விரண்டு நிகழ்வுகளிலும் முழு வாசிப்பைக் கேட்டவர்களின் உடனடி நோக்கம் காலதாமதமே. இதை மறைப்பதற்கில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர் கையில் இருக்கும் சில கருவிகளில் தாமதமும் ஒன்று என்பதால் அதை இழிவாகப் பார்க்கவும் நான் விரும்பவில்லை. ஆயினும் முழு வாசிப்பு வேண்டும் என்ற விதியை நீக்குவதற்கு வாக்கு கேட்டால், அதற்கு ஈடாக உரை வெளியாகும் நேரம் பற்றிய உறுதி ஏதேனும் தரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈடு இருந்தால் நீக்கத்தை ஏற்கலாம். ஈடின்றி வாசிப்பை மட்டும் நீக்கினால் வேகம் மட்டுமே மிஞ்சும்.

அடுத்து, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அறிமுகமான நாளிலிருந்து எண்ணினால் இடையில் வரும் திருத்தங்கள் அவகாசத்துக்குள் அடங்கமாட்டா. 54இல் இருந்த "இறுதி வடிவில்" என்ற சொல் இதற்காகவே சேர்க்கப்பட்டது. அப்படியிருந்தும், 72 மணி நேரம் இரண்டு அவைகளின் வாக்கெடுப்புகளுக்கும் தனித்தனியே பொருந்துமா, கடைசி வாக்கெடுப்புக்கு மட்டுமா என்று 2017இலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. விலக்கு அளிக்கும் அதிகாரம் யார் கையில் என்பதும் அதே அளவு முக்கியமானது. ஆளும் தரப்பு எளிதில் திரட்டிவிடும் பெரும்பான்மையால் விலக்கு பெறலாம் என்றால், அந்த விதி தேவைப்படும் நாளில் இல்லாமற்போகும். கடைசியாக, விதி மீறப்பட்டால் என்ன விளைவு என்று வாசகம் சொல்கிறதா? நிபந்தனை நிறைவேறாத முன்வடிவு சட்டமாகாது என்று 54 தெளிவாகச் சொன்னது. இத்தகைய வரி இல்லாத விதியை வேண்டுகோள் என்றே கொள்ள வேண்டும்.

நம் பேரவையில் இதே கண்ணோடு

நம் நாட்டில் இந்தக் கேள்வி வாக்குச்சீட்டுக்கு வராது. அரசமைப்பின் 208ஆம் உறுப்பின்படி சட்டமன்றம் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. நடைமுறையில் குறை இருந்தது என்ற காரணத்துக்காகப் பேரவை நடவடிக்கையின் செல்லுபடியை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று 212ஆம் உறுப்பு சொல்கிறது. கொலராடோவில் கிடைத்த தீர்ப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. 1986 நவம்பர் 1 முதல் மேலவையும் இல்லாததால், ஒரே அவையில் ஒரே முறைதான் முன்வடிவு பரிசீலிக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வாசிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி நம்மிடமே வந்து நிற்கிறது.

மூன்று கட்டங்கள் இங்கும் உண்டு. அமைச்சர் அறிமுகம் செய்வது முதலாவது. பொது விவாதமும், தொடர்ந்து பிரிவு பிரிவாக எடுத்துக்கொள்வதும் இரண்டாவது. நிறைவேற்றக் கோரும் தீர்மானம் மூன்றாவது. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பதும் குரலால் முடிவாவதும் நாம் அறிந்ததே. வாசகத்தை உண்மையாக மாற்றக்கூடிய இடம் இரண்டாம் கட்டத்தின் பிரிவுவாரியான பகுதி மட்டுமே. மூன்றாம் கட்டத்தில் எழுத்துப் பிழை அளவுக்கு மேல் எதுவும் அசையாது. ஆகவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்ல வேண்டியதை அறிமுகத்துக்கும் பிரிவுவாரிப் பரிசீலனைக்கும் இடைப்பட்ட நாள்களில் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஐந்தும் இப்போதைய திருநெல்வேலி மாவட்டத் தொகுதிகள். உங்கள் தொகுதி எதுவோ அந்த உறுப்பினருக்குப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, இருக்கும் சொல் இது, இருக்க வேண்டிய சொல் இது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பொதுவான மனக்குறையாக எழுதும் கடிதத்தைத் திருத்த அறிவிப்பாக மாற்றுவது எந்த உறுப்பினருக்கும் கடினம்.

அறிமுகமாகும் முன்வடிவுகள் தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் நான்காம் பகுதியின் முதல் பிரிவில் வருகின்றன. பேரவையின் இணையதளத்திலும் பார்க்கலாம். இணைய வசதி இல்லாதவர்கள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குச் செல்லும் இளைஞர் ஒருவரிடம் சொல்லி எடுத்துவரச் செய்யலாம். கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கங்களில் உள்ள நோக்கக் காரண விளக்கவுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது பத்திரத்தைப் பற்றி விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் விளக்கத்தைப் போன்றது. நிலம் யாருக்குப் போகிறது என்பதைப் பத்திரத்தின் வாசகமே தீர்மானிக்கும். வரையறைப் பிரிவு, யாருக்குப் பொருந்தும் என்ற பிரிவு, விலக்கு அளிக்கும் அதிகாரம், விதிகள் வகுக்கும் அதிகாரம், எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்ற வரி ஆகியவற்றை நிதானமாகப் படியுங்கள். "அரசு அறிவிக்கையின் வாயிலாக" என்ற தொடர் வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். பேரவையின் கதவைத் தாண்டி, இனி அலுவலக ஆணையாலேயே முடிவுகள் எடுக்கப்படும் இடங்கள் அவை. தமிழ் வாசகத்தில் ஐயம் வந்தால் ஆங்கில வாசகத்தையும் ஒப்பிட வேண்டும். 348ஆம் உறுப்பின்படி அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வ வாசகமாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் சட்டம் இயற்றும் மாநிலத்தில் இது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

திருத்த முன்வடிவுகளில்தான் வாசிப்பவருக்கு உண்மையான சோதனை. 2023 ஏப்ரல் 12 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கான ஒரு திருத்த முன்வடிவு பேரவையில் அறிமுகமாகி, ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. 12 மணி நேர வேலை என்று ஊரெங்கும் பேசப்பட்டது அதுதான். புதிதாகச் சேர்க்க முனைந்த 65ஏ பிரிவு, குறிப்பிட்ட சில பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருவது. அந்தப் பிரிவு எண்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. 1948ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம், 52 என்பது வார விடுமுறை, 54 என்பது நாளுக்கு 9 மணி நேரம், 55 என்பது இடைவேளை, 59 என்பது மிகைநேர ஊதியம் என்று தெரியவரும். கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளின் அன்றாடம் அந்த எண்களுக்குள் இருந்தது. நிறைவேறிய பிறகு எழுந்த எதிர்ப்பால் ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஒன்பது நாள்கள் இருந்தன. கலிபோர்னியர் வாக்களித்துப் பெற்ற மூன்று நாள்களைவிட அது மூன்று மடங்கு. அந்த நாள்களில் விக்கிரமசிங்கபுரம் போன்ற ஆலைத் தொழிலாளர் ஊர் ஒன்றில் பத்துப் பேர் உட்கார்ந்து மூலச் சட்டத்தோடு சேர்த்து வாசித்திருந்தால் எதிர்ப்பு முன்னதாகவே எழுந்திருக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து வாசிப்பதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒருவர் முன்வடிவையும் இன்னொருவர் மூலச் சட்டத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். முன்வடிவில் ஒரு பிரிவு எண் வந்தவுடன் முதலாமவர் நிறுத்த, இரண்டாமவர் அந்தப் பிரிவை முழுதாக வாசிக்க வேண்டும். மூன்றாமவர் விளங்காத சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். பாளையங்கோட்டை அரசு சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் உடனிருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. பத்துப் பக்க முன்வடிவுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

முன்வடிவு பேரவைக்கு வருவதற்கு முன்பே அறிய விரும்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் துறையிடம் கேட்கலாம். பதில் 30 நாள்களுக்குள் வர வேண்டும். ஒன்றிய அரசின் சட்டங்களுக்கு வரைவை 30 நாள்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை முடிவு எடுக்கப்பட்டது. அதை மீறினால் என்ன விளைவு என்று அதில் இல்லாததால், மேலே நான் சொன்ன கடைசிக் கேள்வியில் அது தேறவில்லை.

கிராம சபையில்

நமக்கு நேரடி வாக்குரிமை உள்ள சட்டப்பூர்வமான ஒரே சபை கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் உறுப்பினர். நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானங்களை மறுநாள் அலுவலகத்தில் எழுதினார்கள். குளத்து மடையைச் சீரமைக்க வேண்டும் என்று பேசியது வேறு சொற்களில் பதிவாகியிருந்ததைப் பிறகு நகல் பெற்றபோதுதான் அறிந்தேன். மடையின் பெயர் அதில் இல்லை. பெயரில்லாத மடைக்கு யாரும் நிதி ஒதுக்கப்போவதில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையை நீங்களும் கடைப்பிடிக்கலாம். கூட்டம் தொடங்கும்போதே எழுந்து, ஒவ்வொரு தீர்மானமும் எழுதியவுடன் வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்கமாட்டார்கள். வாசிக்கும்போது இடத்தின் பெயர், புல எண், தொகை, நாள் ஆகிய நான்கையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் அப்போதே சொல்லித் திருத்தச் செய்யுங்கள். கையெழுத்திடுவதற்கு முன், கடைசித் தீர்மானத்தின் கடைசி வரிக்கும் கையெழுத்துகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்னர் எதுவும் எழுத முடியாதபடி அதன் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். என் தந்தையார் பத்திரத்தில் அந்தக் கோட்டைப் போட்ட பிறகே பேனாவைக் கட்சிக்காரர் கையில் கொடுப்பார்.